முல்ஷியின் சேனாபதி

அணையைக் கட்டியவர்களின் பெயர்களை வரலாறு கல்லிலே பொறித்து வைக்கிறது. அந்த அணைக்காக வீட்டையும் வயலையும் இழந்தவர்களின் பெயர்களை யார் பொறிப்பது? அம்மக்களுக்காகப் போராடிச் சிறை புகுந்த பெருமகன் ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். அவர்தாம் சேனாபதி பாபட் என்று மராட்டிய மக்களால் போற்றப்பட்ட பாண்டுரங்க மகாதேவ பாபட்.

மராட்டிய மாநிலத்தில் அன்று அகமதுநகர் எனப்பட்ட மாவட்டத்திலுள்ள பார்னேர் என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் எளிய குடும்பம் ஒன்றிலே பிறந்தார். புனே டெக்கான் கல்லூரியில் பயின்றார். உதவித் தொகை பெற்றுப் பொறியியல் கற்க எடின்பரோ சென்றார். ஆனால் அங்கே ஆங்கில ஆட்சியைக் கண்டித்துப் பேசியதால் உதவித் தொகையை இழந்தார். பாரிஸ் சென்று வெடிகுண்டு செய்யும் முறையைக் கற்றுத் தாயகம் திரும்பினார். அலிப்பூர் வழக்கில் அவர் பெயர் வெளிப்படவே, சில ஆண்டுகள் தலைமறைவாக வாழ்ந்து பின்னர்ப் பிடிபட்டார். விடுதலைக்குப் பின் சொந்த ஊரில் துடைப்பம் ஏந்தித் தெருக்கூட்டும் தொண்டினை மேற்கொண்டார். கற்றவர் கூசும் வேலையைக் கடமையாக ஏற்ற உள்ளம் அது!

புனேக்கு மேற்கே நீலா, முளா ஆறுகள் கூடும் முல்ஷிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட டாட்டா மின் நிறுவனம் திட்டமிட்டது. பம்பாய் ஆலைகளுக்கும் இரயில்களுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. ஏறத்தாழ 50 சிற்றூர்கள் பாதிப்புக்கு உள்ளாயின. அவை மணம் மிக்க அம்பேமோகர் நெல் விளைந்த மண். அங்கு வாழ்ந்தவர்கள் சிவாஜியின் படையில் பணியாற்றிய மாவளர்களின் வழிவந்தோர்.

1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி, நிறுவனத்துக்காகவும் அரசு நிலத்தை எடுக்கலாம். உடையவன் மறுத்தாலும் பயனில்லை. சந்தை விலையும் அதன்மேல் 15 விழுக்காடும் கொடுத்தால் கணக்கு முடிந்தது. இங்கேதான் கொடுமை ஒளிந்திருந்தது. முல்ஷி நிலங்களில் பல, கடன் கொடுத்த புனே நகரத்தார் கைக்குப் போயிருந்தன. பட்டா யார் பெயரில் இருந்ததோ அவருக்கே இழப்பீடு. ஏர் பிடித்த குத்தகையாளனுக்கு என்ன கிடைத்தது? நல்ல விலை கிடைக்குமென்றதும் நிலவுடைமையாளர் பலர் இணங்கினர். உழுதவர் தனித்து நின்றனர்.

1921ஆம் ஆண்டு ஏப்ரலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அதிலே முன்னின்று மும்முறை சிறை சென்ற பாபட்டுக்குச் 'சேனாபதி' என்னும் பட்டம் அங்கேதான் வந்தது. இறுதியில் இரயில் பாதையில் கற்களைப் போட்டு வண்டியை மறித்தார். அதற்கு 7 ஆண்டுச் சிறை. அணை எழுந்தது, பீரா மின்நிலையம் 1927இல் இயங்கத் தொடங்கியது. போராட்டம் தோற்றது.

அறிவியல் பயிலும் நாம் மின்சாரத்தை வெறுக்க இயலுமா? இயலாது. பாபட்டும் பொறியியல் பயின்றவரே. இயந்திரத்தைப் பகைத்தவர் அல்லர். ஆலைக்குக் கிடைத்த ஆதாயத்தை யூனிட் கணக்கில் அளந்தவர்கள், சிதறிய ஊர்களையும் அழிந்த தொழிலையும் எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை என்பதே முல்ஷி காட்டும் உண்மை.

அந்தப் பேரேடு திறக்கப் பல்லாண்டு பிடித்தது. 1984இல் 15 விழுக்காடு 30 ஆயிற்று. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதை 100 விழுக்காடாக்கியது. நிலம் எடுக்குமுன் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்றது. தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் இசைவு வேண்டும் என்றது. நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகையாளரையும் கூலியாளரையும் பாதிக்கப்பட்டோராக ஏற்றது. எனினும், பின்னர்ச் சில மாநிலங்கள் குறிப்பிட்ட திட்டங்களுக்கு அம்மதிப்பீட்டிலிருந்து விலக்களித்தன. விலக்கு வழியே பழைய சட்டம் திரும்பி வருமானால், முல்ஷியும் திரும்பி வரும்.

1967ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் பாபட் மறைந்தார். நாளை நம்முள் சிலர் நில எடுப்பு அலுவலராகலாம், சிலர் பொறியாளராகலாம். அன்று நம் மேசைக்கு வரும் கோப்பில் சர்வே எண்கள் இருக்கும், மனிதர் இருக்கமாட்டார். அந்த எண்ணுக்குப் பின்னே உழுதவன் யார் என்று கேட்டறிந்த பின்பே கையெழுத்திடுவோம். அதுவே சேனாபதிக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.