அடையாற்றுக் கடலோரத்தில் ஓர் அமெரிக்கர்: கர்னல் ஆல்காட்டின் 24 ஆண்டுகள்

விசாக தினம் வந்துவிட்டால் ஜொகூர் பாருவில் மட்டுமல்ல, நாடெங்கும் உள்ள பௌத்த ஆலயங்களில் ஒரு கொடி பறக்கும். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு ஆகிய ஐந்து பட்டைகள். ஓரத்தில் அந்த ஐந்தும் சேர்ந்த ஆறாவது பட்டை. 1885-இல் இலங்கையில் இந்தக் கொடி உருவானபோது, அது அளவுக்கு மீறி நீளமாக இருப்பதாகச் சொல்லி, மற்ற நாட்டுக் கொடிகளின் அளவுக்குக் கொண்டுவந்தவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். தம் வாழ்வின் கடைசி 24 ஆண்டுகளில் அவருக்கு வீடாக இருந்தது சென்னை அடையாறு.

1832 ஆகஸ்ட் 2-ஆம் தேதி நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர் ஆல்காட். வேளாண்மை படித்தார், பத்திரிகைகளில் எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இராணுவத்துக்குப் பொருள் வழங்கியவர்களின் ஊழலை விசாரித்தார். பெயருக்கு முன்னால் நிலைத்துவிட்ட 'கர்னல்' பட்டம் அப்போது கிடைத்ததுதான். போருக்குப் பின் நியூயார்க்கில் வழக்கறிஞரானார். அங்கேதான் 1875-இல் ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கி அம்மையாருடன் சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கினார்.

மண வாழ்க்கை முறிந்திருந்தது. மகன்கள் இருவரும் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டனர். 1879 பிப்ரவரியில் பம்பாயில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 46.

ஆற்றங்கரை வீடு

1882 மே மாதம் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் பக்கிங்காம் கால்வாயில் படகேறி நெல்லூர் வரை போய்வந்தனர். அந்த மாத இறுதியில், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே விற்பனைக்கு வந்திருந்த ஒரு தோட்ட வீட்டைப் பார்த்தனர். 'ஹடில்ஸ்டன் தோட்டம்' என்பது அதன் பெயர். 27 ஏக்கர் நிலம். ஒரு பக்கம் ஆறு, கொஞ்சம் தள்ளிக் கடல். சென்னையின் வசதி படைத்த வெள்ளையர்கள் உதகமண்டலத்தின் குளிரை நாடத் தொடங்கியிருந்ததால் இத்தகைய பெரிய வீடுகளுக்கு விலை குறைந்திருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 19-ஆம் தேதி இருவரும் அங்குக் குடியேறினர்.

அன்றைய அடையாறு நகரத்துக்கு வெளியே இருந்த சிற்றூர். ஆல்காட்டின் நாள்கள் பெரும்பாலும் எழுத்து மேசையில் கழிந்தன. உலகெங்கும் இருந்த கிளைகளுக்குக் கடிதம் எழுதுவது, மாத இதழைக் கவனிப்பது, நாட்குறிப்பு எழுதுவது என வேலை ஓயாது. அந்த நாட்குறிப்புகளே பிற்காலத்தில் தொடராக வெளிவந்து, பல தொகுதிகள் கொண்ட நூலாயின. 1886-இல் அந்த வளாகத்திலேயே நூலகம் ஒன்றைத் திறந்தார். தம்மிடம் இருந்த சுமார் 200 புத்தகங்களோடு தொடங்கிய அடையாறு நூலகம், பின்னாளில் ஓலைச்சுவடிகளுக்குப் பெயர்பெற்ற இடமாக வளர்ந்தது.

வீட்டில் இருக்கும் நாள்களைவிடப் பயணத்தில் இருக்கும் நாள்கள் அதிகமான ஆண்டுகளும் உண்டு. இலங்கையில் பௌத்தப் பள்ளிகளுக்கு நிதி திரட்ட ஊர் ஊராகப் போகவேண்டியிருந்தது. அதற்காக மாட்டு வண்டி ஒன்றைத் தாமே வடிவமைத்தார். பகலில் சாப்பாட்டு மேசை, இரவில் நால்வர் படுக்க இடம், பக்கவாட்டில் புத்தகங்களுக்கும் பாத்திரங்களுக்கும் பெட்டிகள், தரைக்கு அடியில் காய்கறி மூட்டைகள் என்று அது ஒரு நடமாடும் வீடாகவே இருந்தது. இலங்கையின் புகழ்பெற்ற ஆனந்தா கல்லூரி அந்தப் பள்ளி இயக்கத்தில் பிறந்ததுதான்.

ஓய்வு எடுக்க முடியாத ஓய்வு

அடையாற்று வாழ்க்கை அமைதியாக மட்டும் ஓடவில்லை. பிளாவட்ஸ்கி காட்டிய அற்புதங்கள் மோசடி என்ற குற்றச்சாட்டு 1884-இல் வெடித்தது. மறு ஆண்டு அவர் உடல் நலமின்றி ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பிறகு இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. சபையின் பாரம் ஆல்காட்டின் தோளில் விழுந்தது.

60 வயதை நெருங்கியபோது உடல் தளர்ந்தது. 1892 தொடக்கத்தில் தலைவர் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். உதகையில் 'குலிஸ்தான்' என்ற பெயரில் சிறிய வீடு ஒன்றைக் கட்டிவைத்திருந்தார். மலைக் குளிரில் எழுதியும் படித்தும் மீதிக் காலத்தைக் கழிப்பது அவர் போட்ட கணக்கு. ஆனால் அதே ஆண்டிலேயே விலகலைத் திரும்பப் பெற்று, மீண்டும் பொறுப்பை ஏற்றார். அந்த ஓய்வு நீடித்திருந்தால், இன்று தமிழர்கள் அவரை நினைப்பதற்கான முக்கியக் காரணம் ஒன்று இல்லாமலே போயிருக்கும்.

மதிலுக்கு வெளியே

தோட்ட வீட்டின் மதிலுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் 'பஞ்சமர்' என்று ஒதுக்கப்பட்ட ஏழைகள். அரசுப் பள்ளியில் அவர்களின் பிள்ளைகள் சேரச் சட்டம் தடை சொல்லவில்லை. ஆனால் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை அவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்க மறுத்தனர். அந்தப் பிள்ளைகளுக்காக 1894-இல் அடையாற்றில் ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார் ஆல்காட். தொடர்ந்து சென்னையின் வேறு பகுதிகளிலும் பள்ளிகள் எழுந்தன. அவற்றில் மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டது.

தமிழ் எழுதப் படிக்கக் கற்பது, கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், சுகாதாரம், கைவேலை ஆகியவையே பாடங்கள். இந்தப் பிள்ளைகள் நல்ல வேலை ஒன்றில் அமர்ந்து, ஏமாறாமல் பிழைத்தால் போதும் என்ற எல்லைக்குள் அவர் நின்றுவிட்டார் என்ற குறையைச் சொல்லலாம். பட்டப்படிப்பு வரை அவர் கனவு காணவில்லை என்பது உண்மை. ஆனால் அரிச்சுவடியே எட்டாத காலத்தில் பலகையும் பாடமும் கொடுத்த கதவு அது.

1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் தம் மக்களுக்குப் பௌத்தமே பூர்விக சமயம் என்ற கருத்தோடு ஆல்காட்டை நாடினார். ஆல்காட் அவரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். அங்கே பௌத்தம் தழுவித் திரும்பிய பண்டிதர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அங்கிருந்து தன் வழியைத் தானே வகுத்துக்கொண்ட இயக்கம் அது.

மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல. அதே ஆண்டுகளில், அதே போன்ற சேரிகளிலிருந்து ஏராளமானோர் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். இங்கே 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்ற கட்டாயம் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தோடு வலுப்பட்டது. அதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன்பே அடையாற்றில் அந்தப் பள்ளியின் மணி அடித்துவிட்டது.

கடைசிப் பயணம்

1906 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் கப்பல் படிக்கட்டில் தவறி விழுந்தார் ஆல்காட். இத்தாலியில் ஜெனோவா மருத்துவமனையில் சில வாரம் படுத்திருந்து, டிசம்பரில் அடையாறு வந்து சேர்ந்தார். 1907 பிப்ரவரி 17-ஆம் தேதி காலை அந்த ஆற்றங்கரை வீட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 74. அவர் உடல் அந்த வளாகத்திலேயே எரியூட்டப்பட்டது. நான்கு மாதம் கழித்து, ஜூனில், அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் வெளிவந்தது.

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தின் முன் ஆல்காட்டுக்குச் சிலை இருக்கிறது. அவர் சீர்செய்த கொடியை 1950-இல் உலக பௌத்தர்கள் தங்கள் பொதுக் கொடியாக ஏற்றனர். சென்னை பெசன்ட் நகரில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில், ஆல்காட் நினைவுப் பள்ளியில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் இன்றும் கட்டணமின்றிப் படிக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து கடலோரத்தில் வீடு வாங்குகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அலையையும் காற்றையும் அனுபவித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். ஆல்காட் பக்கத்துத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்றும் எட்டிப் பார்த்தார். 130 ஆண்டு கடந்தும் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிந்திருப்பது அதனால்தான்.