சைலன்சருக்குப் பின்னால் ஒரு மகன்: வெடிச் சத்தத்தை அடக்கிய ஹைரம் பெர்சி மாக்சிம்

ஆடி அமாவாசை என்றால் ஏரலில் கூட்டம் தாங்காது. சேர்மன் அருணாசல சுவாமி கோயிலைச் சுற்றி, தாமிரபரணிக் கரையெங்கும் ஜனம். அந்த நெரிசலுக்குள் சைலன்சரைக் கழற்றிய ஒரே ஒரு புல்லட் நுழைந்தால் போதும். தோளில் தூங்கும் குழந்தை வீறிட்டு எழும். கடைவாசலில் நிற்கும் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். வண்டி ரெண்டு தெரு தாண்டின பிறகும் காதுக்குள் அந்த டமடம சத்தம் நிற்காது.

அழகுக்காகவும் கெத்துக்காகவும் நம்மில் சிலர் கழற்றி எறியும் அந்தக் குழாய்க்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பில் பெரும்பங்கு கொண்டவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ஹைரம் பெர்சி மாக்சிம். உலகத்திலேயே அதிகம் சத்தம் போட்ட இயந்திரங்களில் ஒன்றைச் செய்தவருடைய மகன் அவர். அப்பா கிளப்பிய சத்தத்தை அடக்குவதிலேயே மகனுடைய வாழ்க்கையின் பெரும்பகுதி போனது.

அப்பாவின் துப்பாக்கி, அப்பாவின் காது

பெர்சி மாக்சிம் பிறந்தது 1869 செப்டம்பர் 2, நியூயார்க்கின் புரூக்ளினில். அப்பா ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத, ஆனால் கையில் எதைக் கொடுத்தாலும் புதிதாக ஒன்றைச் செய்துவிடும் ஆள். மகன் சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தை அமெரிக்காவில் விட்டுவிட்டு அவர் லண்டனுக்குப் போய்விட்டார். அங்கே 1884 வாக்கில் அவர் உருவாக்கியதுதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி. ஒரு குண்டு வெடிக்கும்போது பின்னால் உதைக்கிற விசையைக் கொண்டே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும். நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டுகள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஐரோப்பியர்கள் நடத்திய காலனிப் போர்களின் போக்கையே அது மாற்றியது. 1901-ல் அப்பாவுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

அதற்கு அவர் கொடுத்த விலை, காது. வருடக்கணக்காகத் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே நின்று சோதித்துச் சோதித்து, பிற்காலத்தில் அவருக்குக் கேட்கும் திறன் ஏறக்குறைய போயே போய்விட்டது.

சத்தம் காதை மெல்ல மெல்லத்தான் தின்னும். உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி போன்ற செல்கள் பலமான சத்தத்தில் சிதைந்துபோகும். சிதைந்தவை மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. அப்பா மாக்சிமின் காலத்தில் இது யாருக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. இன்றைக்குத் தெரியும்.

தோட்டாக் கூட்டில் ஒரு சொட்டு பெட்ரோல்

பெர்சி, பாஸ்டனில் அப்போது இயங்கிவந்த எம்.ஐ.டி.யில் 1886-ல் படிப்பை முடித்தார். அப்போது அவருக்கு 17 வயதுகூட நிரம்பவில்லை. பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில், பீரங்கிக் குண்டுகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை.

பகலில் குண்டு, ராத்திரியில் வண்டிக் கனவு. குதிரை இல்லாமல் தானாக ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெட்ரோலுக்கு எவ்வளவு வலு என்று பார்க்க, காலியான தோட்டாக் கூடு ஒன்றில் சில சொட்டுகள் விட்டுத் தீக்குச்சியைக் காட்டினார். வெடித்த வெடியில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது: ஒரு சொட்டுக்குள் இவ்வளவு விசை என்றால், அதைக் கட்டுப்படுத்தினால் வண்டி ஓடும்.

ஜெர்மனியில் பென்ஸும் டைம்லரும் அதற்கு முன்பே வண்டி ஓட்டிக் காட்டிவிட்டார்கள் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. தன்னந்தனியாக எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடித்து, ஒரு மூன்று சக்கர சைக்கிளில் தன் இன்ஜினைப் பொருத்தினார்.

வெடிக்கு மேல் யார் உட்காருவார்?

1895-ல் கனெடிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் இருந்த போப் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. கொலம்பியா சைக்கிள்களால் பேர் வாங்கிய கம்பெனி அது. முதலாளி ஆல்பர்ட் போப்புக்குப் பெட்ரோல் வண்டியில் நம்பிக்கை இல்லை. வெடிக்கிற ஒரு பொருளுக்கு மேல் ஜனங்கள் விரும்பி உட்கார மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. எனவே கம்பெனி மின்சார வண்டியில் இறங்கியது. 1897-ல் கொலம்பியா மின்சார வண்டி விற்பனைக்கு வந்தது.

இன்றைக்குத் தெருவில் சத்தமே இல்லாமல் போகும் மின்சார ஸ்கூட்டரைப் பார்த்து ஆச்சரியப்படுகிறோம். நூற்று இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே, அமெரிக்காவில் மின்சார வண்டிக்கு இருந்த பெரிய பலம் அந்த அமைதிதான். பெட்ரோல் வண்டிக்கு இருந்த பெரிய குறைகளில் ஒன்று சத்தம்; குதிரைகள் மிரண்டு ஓடின.

ஆனால் பெர்சி பெட்ரோலை விடவில்லை. 1899-ல் பிரான்ஃபோர்டில் நடந்த, அமெரிக்காவின் முதல் வட்டப்பாதை கார் பந்தயத்தில் கொலம்பியா பெட்ரோல் வண்டியை ஓட்டி ஜெயித்தார். இந்த வண்டிக்கு எதிர்காலம் உண்டு என்று அவருக்குத் தெரியும். சத்தத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

சத்தம் உண்மையில் எங்கிருந்து வருகிறது?

இன்ஜின் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எரிந்ததும், அழுத்தம் மிகுந்த சூடான வாயு உண்டாகிறது. பிஸ்டனைத் தள்ளி முடித்த பிறகும் அதில் அழுத்தம் மிச்சம் இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நொடியில் அந்த வாயு ஒரே பாய்ச்சலாக வெளியே வந்து, வெளிக்காற்றை மோதுகிறது. அந்த மோதல்தான் 'டம்'. பலூனை ஊசியால் குத்தும்போது கேட்பதும் இதேதான்.

ஒற்றை சிலிண்டர் கொண்ட நான்கு-ஸ்ட்ரோக் இன்ஜினில் ரெண்டு சுற்றுக்கு ஒரு 'டம்'. நிமிடத்துக்கு 1,000 சுற்றில் நொடிக்கு எட்டு தடவை. அதனால்தான் நின்றுகொண்டிருக்கும் புல்லட்டின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. 3,000 சுற்றில் நொடிக்கு 25. நான்கு சிலிண்டர் இன்ஜின் என்றால் அதே வேகத்தில் நொடிக்கு 100. அடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே உறுமலாகிவிடும்.

குழாயை அடைத்துவிட்டால் சத்தம் போகும். ஆனால் வாயுவும் வெளியே போகாது. இன்ஜின் மூச்சுத் திணறிச் சூடேறும், இழுவை போய்விடும். ஆரம்பகால சைலன்சர்கள் பலவற்றில் இருந்த பிரச்சினை இதுதான். அடக்கினால் வலு போகிறது, வலு வேண்டுமென்றால் அடக்க முடியவில்லை.

குளியல் தொட்டி சொன்ன பாடம்

பெர்சிக்கு வழி தோன்றியது குளியலறையில் என்பார்கள். தொட்டியில் தண்ணீர் வடியும்போது வாய்க்குழியைச் சுற்றிச் சுழல் எழும்புகிறது. தண்ணீர் நேராக இறங்காமல் சுற்றிச் சுற்றி நிதானமாகப் போகிறது. வாயுவையும் இப்படிச் சுழலவிட்டால்?

அவர் முதலில் கைவைத்தது துப்பாக்கியில். குழலின் முனையில் பல அறைகள் கொண்ட ஓர் உருளையை மாட்டினார். குண்டு நடுவே நேராகப் போய்விடும். பின்னால் வரும் வாயு மட்டும் ஒவ்வோர் அறையிலும் வளைந்த தகடுகளில் பட்டுச் சுழன்று, விரிந்து, கொஞ்சம் ஆறி, வேகம் தணிந்து வெளியேறும். 1909 மார்ச் 30-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. சினிமாவில் வருகிற மாதிரி சத்தமே இல்லாமல் போய்விடாது. ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கிற சத்தம் தனி. அதை எந்தச் சைலன்சரும் தொட முடியாது.

துப்பாக்கிக்கும் இன்ஜினுக்கும் சத்தம் எழும் விதம் ஒன்றுதான். வெடிப்பு, குழாய், பாயும் வாயு. எனவே அதே கொள்கை எக்ஸாஸ்ட் குழாய்க்கும் பொருந்தியது. வாயுவைத் தடுக்காதே, அதற்கு இடமும் நேரமும் கொடு என்பதுதான் அதன் சாரம்.

பிற்காலத்தில் அவருடைய நிறுவனம் துப்பாக்கியை விட்டு விலகி, கப்பல் டீசல் இன்ஜின்கள், தொழிற்சாலை கம்ப்ரஸர்கள் பக்கம் திரும்பியது. காற்றை உள்ளே விட்டு, தெருச் சத்தத்தை வெளியே நிறுத்தும் ஜன்னல் கருவிகூடச் செய்தார்கள். 1934-ல் அமெரிக்கா துப்பாக்கிச் சைலன்சருக்கு 200 டாலர் வரி போட்டபோது, அவர்களுடைய பிழைப்பு ஏற்கெனவே இன்ஜின் சத்தத்தை அடக்குவதாக மாறியிருந்தது.

காற்றில் குளிரும் இன்ஜினுக்கு ஏன் கூடுதல் கவனம்?

கார் இன்ஜின்கள் பெரும்பாலும் தண்ணீரால் குளிர்கின்றன. சிலிண்டரைச் சுற்றி ஓடும் தண்ணீர் சூட்டை மட்டுமல்ல, உள்ளே நடக்கும் தட்டல் சத்தத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். புல்லட் போன்ற காற்றில் குளிரும் இன்ஜின்களில் அந்தப் போர்வை கிடையாது. செதில் செதிலாக நிற்கும் உலோகத் தகடுகள் சூட்டையும் வெளியே விடும், சத்தத்தையும் வெளியே விடும்.

இதன் உச்சம் டியூன் பக்கி. 1960-களில் கலிஃபோர்னியாவில், பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடிச்சட்டத்தையும் காற்றில் குளிரும் இன்ஜினையும் எடுத்து, மேலே இலேசான ஃபைபர் உடம்பு பொருத்தி மணல்மேட்டில் ஓட்டிய வண்டி. ஏரலுக்குத் தெற்கே திருச்செந்தூர் வட்டாரத்தில் விரியும் செம்மணல் தேரி மாதிரியான நிலத்தை நினைத்துக்கொள்ளலாம். இன்ஜின் பின்னால் திறந்தே கிடக்கும். மூட பானெட் இல்லை, கண்ணாடிக் கதவு இல்லை. போதாததற்குப் பலர் நான்கு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து, சைலன்சர் இல்லாத ஒரு குட்டைக் குழாயில் விட்டுவிடுவார்கள். ஓட்டுகிறவர் காதுக்கு ரெண்டடி பின்னால் நொடிக்கு நூறு வெடி.

இதைச் சரிசெய்ய வழி, பெர்சி காட்டிய வழிதான். முதலில் கேஸ்கெட், இணைப்புகளில் வாயு கசிகிறதா என்று பார்ப்பது. சின்னக் கசிவுகூட ஊசி மாதிரி சத்தம் போடும். அடுத்து, கொள்ளளவு பெரிய சைலன்சர். சின்ன டப்பாவுக்குள் திணித்து அடக்கினால் வாயு பின்னால் முட்டும், காற்றை மட்டும் நம்பியிருக்கும் இன்ஜின் சூடேறும். அறைகள் கொண்ட வகை தடித்த 'டம்' சத்தத்தை நன்றாக அடக்கும். ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிக் கிளாஸ் வுல் அடைத்த வகை கீச்சுச் சத்தத்தை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் உத்தமம்.

கேட்கத் தெரிந்தவர்

பெர்சிக்கு இன்னொரு முகம் உண்டு. இன்றும் உலகம் முழுக்க ஹாம் ரேடியோக்காரர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள். 1914-ல் ஹார்ட்ஃபோர்டிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளியிருந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அவருடைய வயர்லெஸ் செய்தி போய்ச் சேரவில்லை. இடையில் இருந்த இன்னொருவர் வாங்கி அனுப்பிவைத்தார். அதிலிருந்து பிறந்தது ஒரு யோசனை: ஆளாளுக்குக் கைமாற்றினால் நாடு முழுக்கச் செய்தி போகுமே! கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞருடன் சேர்ந்து அதே ஆண்டு அமெரிக்க ரேடியோ ரிலே லீகைத் தொடங்கினார். 1925-ல் பாரிஸில் உருவான சர்வதேச அமைப்புக்கும் அவரே முதல் தலைவர்.

ரேடியோ கேட்பது என்றால், இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய குரலைப் பிடிப்பது. செவி போன அப்பாவின் மகனுக்கு அந்த வேலை பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

1936 பிப்ரவரியில், வானாய்வகம் ஒன்றைப் பார்க்கக் கலிஃபோர்னியா நோக்கி ரயிலில் புறப்பட்டார். வழியில் தொண்டைத் தொற்று முற்றி, கொலராடோவின் லா ஹுன்டாவில் இறக்கி மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிப்ரவரி 17-ல் அங்கேயே காலமானார். வயது 66.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 120-வது விதிப்படி எல்லா மோட்டார் வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம். ஒலி அளவை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, முதல் தடவையே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதத்துக்குப் போகும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அனுமதி. பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அது இன்னும் குறைவு.

அபராதத்தைவிடப் பெரிய கணக்கு காதில் இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம்வரை இருக்கலாம் என்பது தொழில் மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். சைலன்சர் இல்லாத வண்டியை ஓட்டுகிறவர் தெருவைக் கடந்து போய்விடுவார். ஆனால் அந்தச் சத்தத்தோடேயே பயணம் செய்பவரும் அவர்தான். நாள் முழுக்க அப்படிப்பட்ட வண்டிகளை முறுக்கிப் பார்க்கும் மெக்கானிக் பையனின் காதுக்கு விடுமுறையே இல்லை.

கெத்துக்குக் கழற்றிய குழாயைத் திரும்ப மாட்டிவிட ஒரு மணி நேரம் போதும். காதில் போன செல்லைத் திரும்ப வைக்க இன்றுவரை எந்த ஒர்க்ஷாப்பும் இல்லை.