கணக்கை இயந்திரத்தில் ஏற்றிய பஸ்கால்

உங்கள் பிள்ளைகள் இந்நாட்களில் ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வரக்கூடும். மனிதனுடைய மூளையில் உள்ள நினைவு, அறிவு, குணம் யாவற்றையும் ஒன்றும் விடாமல் படியெடுத்துக் கணனி ஒன்றில் ஏற்றிவிட்டால், உடல் மண்ணுக்குப் போன பின்பும் அவன் அந்த இயந்திரத்தில் வாழ்வானா? வாழ்ந்தால் அவன் மனிதன்தானா? வெறும் கட்டுக்கதை என்று பிள்ளையை அதட்டிவிட வேண்டாம். 2024 ஆம் ஆண்டில் பழ ஈ ஒன்றின் மூளை முழுவதும், ஏறத்தாழ 1,40,000 நரம்புக் கலங்களும் அவற்றின் தொடுப்புகளுமாக, வரைபடத்தில் அடங்கிவிட்டது. மனித மூளையிலோ அக்கலங்கள் ஏறத்தாழ 8,600 கோடி. போக வேண்டிய தூரம் மிக அதிகம். ஆனால் அவ்வழியே போக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இக்கேள்வியை வைத்துக்கொண்டு, 39 வயதில் மரித்த பிரெஞ்சு அறிஞர் ஒருவரின் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம். மனத்துக்குள் மட்டுமே நடந்துவந்த வேலையொன்றைப் பித்தளைச் சக்கரங்களுக்குள் இறக்கிக் காட்டிய முன்னோடி அவர். பெயர் பிளேய்ஸ் பஸ்கால்.

1623 ஆம் ஆண்டு யூன் 19 ஆம் திகதி, பிரான்சின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதிலேயே தாயை இழந்தார். தந்தை எத்தியேன் பஸ்கால் மறுமணம் செய்யாமல், மகனையும் கில்பெர்த், ஜக்குலீன் என்ற இரு பெண்மக்களையும் தாமே வளர்த்தார். மகனைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே தாமே கற்பித்தார். பதினாறு வயதுப் பையன் எழுதிய கணிதக் கட்டுரை பாரிஸ் அறிஞர்களை வியக்க வைத்தது.

அப்பொழுது தந்தைக்கு ருவான் நகரில் வரி பகிரும் உத்தியோகம் கிடைத்தது. நள்ளிரவு தாண்டியும் கூட்டல் கழித்தல்தான். பிரெஞ்சு நாணயத்தில் பன்னிரண்டு தெனியே ஒரு சோல்; இருபது சோல் ஒரு லீவர். பழைய பவுண், சிலிங், பென்ஸ் கணக்கில் அல்லற்பட்ட மூத்தவர்களுக்கு அந்தச் சங்கடம் நன்கு விளங்கும். தந்தையின் பாரத்தைக் குறைக்க எண்ணிய மகன் 1642 இல் கணக்கியந்திரம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார்.

அதன் நுட்பம் அழகானது. ஒரு சக்கரம் ஒன்பதிலிருந்து சுழியத்துக்குத் திரும்பும்போது பக்கத்துச் சக்கரம் ஒரு படி முன்னேற வேண்டும். நாம் மனத்தில் ‘மீதி ஒன்று’ என்று வைத்துக்கொள்வோமே, அந்த ஒன்றைப் பித்தளை எப்படி ஞாபகம் வைத்திருக்கும்? பஸ்கால் ஒவ்வொரு சக்கரத்தோடும் பாரமுள்ள ஒரு சிறு கையைப் பொருத்தினார். இலக்கம் ஏற ஏற அந்தக் கை மெல்ல உயரும். ஒன்பது கடந்ததும் தன் பாரத்தாலேயே விழுந்து அடுத்த சக்கரத்தைத் தள்ளும். ஐம்பதுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்தே அவர் திருப்தியடைந்தார். அந்த உழைப்பு அவருடைய உடல்நலத்தைக் கெடுத்தது. இயந்திரங்களுள் சில பாரிசிலும் கிளெர்மோனிலும் அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன.

மனத்திலே மட்டும் குடியிருந்த கலையொன்றை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தது இயற்கையில் ஒரு புதுமை என்று அக்கா கில்பெர்த் பிற்காலத்தில் எழுதிவைத்தார். பஸ்கால் என்ன நினைத்தார்? தம் இயந்திரம் செய்வது விலங்குகள் செய்யும் எதைக்காட்டிலும் சிந்தனைக்குக் கிட்டியது என்று அவர் ஒப்புக்கொண்டார். தற்பெருமைக்கு அது போதுமான பேச்சு. ஆனால் விலங்குக்குள்ள விருப்பம்கூட அதற்கு உண்டென்று சொல்ல இடமில்லை என்றும் அவர் குறித்துவைத்தார்.

அது வெறுங் கூட்டல் பெட்டிதானே, நாளைய இயந்திரம் ஒருவருடைய விருப்பு வெறுப்பையும் சேர்த்தே தாங்கும் என்று உங்கள் பிள்ளை சொல்லலாம். நியாயமான மறுமொழிதான். அந்த ஒரு குறிப்பு மட்டும் நமக்குப் போதாது. ஆகவே அவருடைய உடலைப் பார்ப்போம்.

உடலை விட்டு மனம் மட்டும் இயந்திரத்துக்குப் போக வழியிருந்தால், முதலாவது ஆளாக அங்கே நின்றிருக்க வேண்டியவர் பஸ்கால். பதினெட்டு வயதுக்குப் பின் வலியில்லாத நாளொன்றை அவர் கண்டதில்லை. 1647 இல் இடுப்புக்குக் கீழே ஏறக்குறைய முடங்கி, ஊன்றுகோலோடு நடந்தார். சூடான திரவத்தையும் துளித்துளியாகவே விழுங்க முடிந்தது. அந்த நிலையிலும் காற்றழுத்தத்தை ஆராய்ந்தார். அவர் சொல்லியனுப்பியபடி, கில்பெர்த்தின் கணவர் 1648 செப்டெம்பர் 19 ஆம் திகதி பியுய் த டோம் மலைக்குப் பாதரசக் குழாயைக் கொண்டு ஏறினார். உச்சியில் பாதரசம் தாழ்ந்து நின்றது. ஐரோப்பாவின் தலைசிறந்த மூளையொன்று, சோற்றுக்கும் நீருக்கும் உதவாத உடலொன்றில் சிறைப்பட்டிருந்தது என்றே நாம் நினைப்போம்.

அவர் அப்படி நினைக்கவில்லை. அவர் மரணத்தின் பின் 1670 இல் வெளிவந்த ‘சிந்தனைகள்’ என்ற நூலின் குறிப்புகளில், மனிதன் மனமாக இருக்கும் அளவுக்கு இயந்திரமாகவும் இருக்கிறான் என்ற கருத்து உண்டு. சான்றுகள் மனத்தை மட்டும் அசைக்கும். பழக்கந்தான் உடலை அசைக்கும். ஆதலால் விசுவாசிக்க விரும்புகிறவன் முழந்தாளிடவும் வேண்டும், தீர்த்தம் தொடவும் வேண்டும். முழந்தாளும் நெற்றியும் விசுவாசத்தின் பங்காளிகள் என்று கண்டவருக்கு, உடலைக் கழித்துவிட்டு மிஞ்சுவது முழு மனிதன் என்று எப்படித் தோன்றும்? ஆன்மாவே உடலின் உருவம் என்று 1312 இல் வியன்னே சங்கம் வரையறுத்ததும் இதற்கு வெகுதூரமல்ல. உடலுக்கும் அறிவுக்கும் உள்ள தூரத்தைவிட அறிவுக்கும் அன்புக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது என்றும் பஸ்கால் எழுதினார்.

அவரைப் பிறவிப் புனிதர் என்று எண்ணிவிடாதீர்கள். 1651 இல் தந்தை இறந்தபின், தங்கை ஜக்குலீன் கன்னியர் மடத்துக்குப் போவதைத் தடுக்கப் பார்த்தார். சொத்து விடயத்தில் அவளோடு முரண்பட்டார். திருச்சபை கண்டித்த யன்சேனியக் கூட்டத்தாரோடு சேர்ந்து அவர் எழுதிய கடித நூல் 1657 இல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் ஏறியது. எனினும் 2023 இல், அவர் பிறந்த நானூறாவது ஆண்டில், பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் பற்றித் திருமடல் ஒன்றே எழுதினார்.

இக்கேள்விக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. இயந்திரத்தில் ஏறிய நினைவை மனிதன் என்று நாம் கொண்டால், நினைவு போய்விட்டவரை என்னென்று சொல்வது? பெற்ற பிள்ளையின் பெயரும் மறந்து, கட்டிலில் கிடக்கும் பெரியவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவரைத் துடைத்துப் படுக்க வைக்கும்போது நீங்கள் யாரைத் தொடுகிறீர்கள்?

பஸ்காலின் கடைசி மாதங்கள் இப்படிப்பட்ட கட்டில்களின் பக்கமே போயின. 1662 மார்ச்சில், குறைந்த கட்டணத்துக்கு ஓடிய குதிரை வண்டிச் சேவையைப் பாரிசில் தொடங்க அவர் துணைநின்றார். அதில் தம் பங்கைக் கொண்டு புளுவா பகுதியின் ஏழைகளுக்கு உதவ விரும்பினார். தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். அவர்களின் பிள்ளைக்குப் பெரியம்மை கண்டது. தினமும் தம்மைப் பார்க்கவந்த அக்கா, நோயைத் தன் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்விடுவாளே என்று அஞ்சினார். பிள்ளையை வெளியேற்றுவதுதானே வழக்கம்? பிள்ளையை அங்கேயே விட்டு, கடும் நோயாளியான அவரே யூன் 29 ஆம் திகதி அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு அவர் வீடு திரும்பவில்லை. தமக்குக் கிடைக்கும் பராமரிப்பு அத்தனையும் கிடைக்கத்தக்கதாக, ஏழை நோயாளி ஒருவரைத் தம்மோடு அவ்வீட்டில் வைக்கும்படி மன்றாடினார். அதற்கேற்ற நோயாளி கிடைக்கவில்லை. அப்படியானால் தீராநோயாளர் மருத்துவமனையில் ஏழைகளிடையே சாகவிடுங்கள் என்றார். அவரை அசைக்கக்கூடாது என்று வைத்தியர்கள் மறுத்தனர். நற்கருணை பெற்று, 1662 ஓகஸ்ட் 19 ஆம் திகதி மரித்தார்.

சில நாட்களின் பின் அவருடைய மேற்சட்டையை எடுத்த வேலைக்காரனின் விரலில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. உள்துணியைப் பிரித்தபோது மடித்த தோற்கடதாசியும் அதனுள் ஒரு தாளும் இருந்தன. 1654 நவம்பர் 23 ஆம் திகதி இரவு, இரண்டு மணிநேரம் இறைவன் தம்மைத் தொட்டதை அவர் தம் கையாலேயே எழுதிவைத்திருந்தார். எத்தனையோ கணக்குகளை மனத்திலேயே வைத்திருந்தவர், அந்த இரவை மட்டும் மனத்தின் பொறுப்பில் விடவில்லை. எட்டு வருடங்களாக, சட்டை மாற்றும்போதெல்லாம் தையலைப் பிரித்து, புதுச் சட்டையில் மீண்டும் தைத்து, உடம்போடு அணிந்து திரிந்திருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.