மீட்கப் போன வலங்கைமான்காரர்

2014 ஜூலையில், இராக்கின் திக்ரித் நகரில் சிக்கியிருந்த 46 இந்தியச் செவிலியர்கள் கொச்சி விமான நிலையத்தில் வந்திறங்கினர். அவர்களை மீட்க இந்தியா ஒரு படைவீரரைக்கூட அனுப்பவில்லை. அதிகாரிகளும் தூதரக ஊழியர்களும் பல வாசல்களைத் தட்டிப் பேசியதன் பலன் அது. மூன்று ஆண்டுகள் கழித்து, அந்த நிகழ்வைத் தழுவி ‘டைகர் ஜிந்தா ஹை’ என்ற இந்தித் திரைப்படம் வெளிவந்தது. படத்தில் செவிலியர்களை மீட்பவர் துப்பாக்கியேந்திய உளவுத்துறை வீரர். பேசியவர்கள் திரையில் காணாமல் போனார்கள். படம் பெரும் வசூலைப் பெற்றது.

இந்த மோகம் நமக்கு மட்டும் உரியதன்று. 1976 ஜூலை 4 அன்று, உகாண்டாவின் என்டபே விமான நிலையத்தில் பணயக்கைதிகளாக இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை இஸ்ரேலியக் கமாண்டோக்கள் மீட்டனர். ஓராண்டுக்குள் அதைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் வந்துவிட்டன. 1980 ஏப்ரலில், தெஹ்ரானில் பிடித்துவைக்கப்பட்டிருந்த அமெரிக்கர்களை மீட்கச் சென்ற அதிரடிப் படை, எட்டு வீரர்களைப் பாலைவனத்தில் பலிகொடுத்துவிட்டுத் திரும்பியது. கடைசியில் 52 பேர் 1981 ஜனவரியில் வீடு திரும்பியது அல்ஜீரியாவின் மத்தியஸ்தத்தால்தான். என்டபேயில் உயிர்நீத்த படைத்தலைவர் யோனதன் நெதன்யாகுவின் பெயர் உலகுக்குத் தெரியும். அல்ஜீரியத் தூதர்களில் ஒருவர் பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கமாண்டோ வீரர்களின் தியாகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2008 நவம்பரில் மும்பையில் தேசியப் பாதுகாப்புப் படையினர் உயிரைப் பணயம் வைத்துச் செய்ததற்கு மாற்றாக வேறெதுவும் அன்று இருக்கவில்லை. என் கேள்வி வேறு. சுட்டு மீட்பவரை வீரர் என்று கொண்டாடும் நாம், பேசி மீட்பவரை ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறோம்? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், கும்பகோணத்துக்கு அருகேயுள்ள வலங்கைமானில் பிறந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி.

1869 செப்டம்பர் 22 அன்று, வறிய புரோகிதக் குடும்பம் ஒன்றில் சாஸ்திரி பிறந்தார். கும்பகோணத்தில் பள்ளிக் கல்வியையும் கல்லூரிக் கல்வியையும் முடித்து, மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1904இல் தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னோடிகளிலும் அவர் ஒருவர். அந்த ஆசிரியர் வாழ்வே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால், 1907இல் கோபால கிருஷ்ண கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். எளிய படித்தொகையில் வாழ்ந்து நாட்டுப் பணி செய்யும் சங்கம் அது. 1915இல் கோகலே மறைந்தபோது அதன் தலைவர் பொறுப்பு சாஸ்திரியிடம் வந்தது.

அவருடைய ஆயுதம் ஆங்கிலம். வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்ற பட்டம் கடல் கடந்தும் அவரைத் தொடர்ந்தது. 1919 பிப்ரவரியில், இம்பீரியல் சட்டமன்றத்தில் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால், அதே சட்டத்தை எதிர்த்து காந்தி சத்தியாகிரகம் தொடங்கியபோது சாஸ்திரி அதில் சேரவில்லை. சட்டத்தை மீறுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அங்கிருந்தே அவர்மீதான சந்தேகமும் தொடங்கியது. மிதவாதி என்ற சொல் வசையாக மாறிக்கொண்டிருந்த காலம் அது.

1921இல் லண்டனில் நடந்த இம்பீரியல் மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதியாக அவர் கலந்துகொண்டார். பேரரசின் நாடுகளில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியர்களின் குடியுரிமையை ஏற்கும் தீர்மானம் அங்கு நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா மட்டும் அதற்கு இணங்கவில்லை. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று அந்த உரிமைக்காக வாதாடினார். 1925இல் ஆஸ்திரேலியா தன் நாட்டில் வாழ்ந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை அளித்ததற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம்.

பேச்சின் எல்லை எதுவென்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது கென்யா. அங்கே இந்தியர்களுக்குச் சமமான வாக்குரிமை தரக்கூடாது என்று வெள்ளைக் குடியேறிகள் கொதித்தெழுந்தனர். ரயில்வேயையும் தந்தி நிலையங்களையும் கைப்பற்றி, ஆளுநர் ராபர்ட் கோரிண்டனையே கடத்தி, தொலைதூரப் பண்ணை ஒன்றில் சிறைவைக்கவும் திட்டம் தீட்டினர். ஒரு நாட்டின் ஆளுநரைப் பணயக்கைதியாக்கும் சதி அது. வெள்ளையர்கள்மீது படையை ஏவ லண்டன் அரசு விரும்பவில்லை. 1923இல் இந்தியர்கள் சார்பில் லண்டனுக்குச் சென்று வாதாடிய சாஸ்திரிக்குத் தோல்வியே கிட்டியது. அவ்வாண்டு ஜூலையில் வெளியான வெள்ளை அறிக்கை, பொது வாக்காளர் பட்டியலை மறுத்தது. மலைநிலங்களை வெள்ளையருக்கே ஒதுக்கியது. மிரட்டியவர்கள் பெருமளவு பெற்றார்கள். வாதாடியவர் வெறுங்கையோடு திரும்பினார். பொறுமைக்குப் பேர்போன அந்த மனிதர், பேரரசுக் கண்காட்சியை இந்தியர்கள் புறக்கணிக்க வேண்டும் என்று அறைகூவும் அளவுக்கு மனம் நொந்தார்.

ஆயினும் பேசுவதை அவர் கைவிடவில்லை. அவருடைய வாழ்வின் பெரும்பணி அதற்குப் பிறகுதான் வந்தது. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் டர்பனை அடைந்த ‘ட்ரூரோ’ கப்பலிலிருந்து தொடங்கி, ஐம்பதாண்டுக் காலம் தமிழரும் தெலுங்கரும் பிறரும் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஒதுக்கிவைக்கவும், கூடுமானவரை நாட்டைவிட்டே அனுப்பவும் 1920களில் தென்னாப்பிரிக்க அரசு சட்டம் கொண்டுவர முனைந்தது. பூட்டிய அறையும் துப்பாக்கி முனையும் இல்லை என்றாலும், ஒரு சமூகமே பிணையாக நின்ற நிலை அது. அங்கே எந்தப் படையை அனுப்ப முடியும்? அடிமைப்பட்ட இந்தியாவிடம் படையை ஏவும் அதிகாரமும் இல்லை.

1926 டிசம்பரில் கேப்டவுனில் தொடங்கிய வட்டமேசைப் பேச்சுக்குச் சென்ற இந்தியக் குழுவில் சாஸ்திரியும் இருந்தார். ஒதுக்கல் மசோதா கைவிடப்பட்டது. தங்க விரும்பும் இந்தியர்களின் கல்வியையும் வாழ்க்கையையும் உயர்த்துவதாகத் தென்னாப்பிரிக்க அரசு ஒப்புக்கொண்டது. அதற்கு ஈடாக, விரும்பித் தாயகம் திரும்புவோருக்கு உதவித்தொகை அளிக்கும் திட்டத்தை இந்தியா ஏற்றது. இந்த உடன்பாட்டைக் காக்க இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக யாரை அனுப்புவது என்ற கேள்வி எழுந்தபோது, காந்தி வற்புறுத்திய பெயர் சாஸ்திரி. அரசியலில் எதிரெதிர்த் துருவங்களில் நின்றாலும், இருவரின் நட்பு கடைசிவரை குலையவில்லை.

1927 ஜூன் முதல் 1929 ஜனவரி வரை அவர் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அங்கு அவர் செய்தவை எதுவும் திரைப்படத்துக்கு உதவாதவை. மதுவிலக்கு தொடர்பான மசோதா ஒன்றில் இருந்த ஒரு பிரிவு நிறைவேறியிருந்தால், விடுதிகளில் பரிமாறுபவர்களாக இருந்த ஆயிரக்கணக்கான இந்தியர்கள் வேலையிழந்திருப்பார்கள். அமைச்சர்களிடம் பேசி அந்தப் பிரிவை நீக்கவைத்தார். முறையான ஆவணமின்றி வந்து தங்கியிருந்தவர்கள், முன்வந்து ஒப்புக்கொண்டால் நாடுகடத்தப்படாமல் இருக்க ஓர் ஏற்பாட்டையும் பெற்றுத்தந்தார். வெள்ளையரின் மன்றங்களிலும் தேவாலயங்களிலும் சென்று பேசினார். கிளர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் அவருடைய கூட்டத்தைக் குலைக்க முயன்றபோதும் அவர் அஞ்சவில்லை. இந்தியர்களிடம் நிதி திரட்டி, டர்பனில் அவர்களின் பிள்ளைகளுக்காக ஓர் உயர்நிலைப் பள்ளி உருவாக வழிவகுத்தார். 1929இல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதற்கெல்லாம் அவருக்குக் கிடைத்தது என்ன? வெள்ளை இனவாதிகள் அவரை ஊடுருவல்காரராகப் பார்த்தார்கள். இந்தியர்களில் ஒரு சாரார், தாயகம் திரும்பும் திட்டத்தை ஏற்றதன் மூலம் தங்களை அந்நியர்களாக ஒப்புக்கொண்டுவிட்டதாகக் குற்றம் சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் அரசு அளிக்க முன்வந்த சர் பட்டத்தை 1928இல் அவர் மறுத்த பின்னரும், அரசின் ஆள் என்ற பெயர் போகவில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த காலத்தில் மலாயாவுக்கும் அனுப்பப்பட்டார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சென்ற நம் டெல்டா மக்களின் தோட்ட வாழ்வை நேரில் கண்டு, 1937இல் அறிக்கை அளித்தார். குறைக்கப்பட்டிருந்த கூலியை, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய அளவுக்கு மீண்டும் உயர்த்தப் பரிந்துரைத்தார். ஆனால், தொழிலாளர்கள் அங்கே செல்வதைத் தடுக்கத் தேவையில்லை என்றார். மலாயாவிலிருந்த இந்தியத் தலைவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். மறு ஆண்டே இந்திய அரசு அந்தக் குடிபெயர்வுக்குத் தடை விதித்தது. இங்கே சாஸ்திரி கணித்தது தவறு என்றே நான் கருதுகிறேன். இரு தரப்புக்கும் நடுவில் நெடுங்காலம் நிற்பவருக்கு, எதிர்த்தரப்பின் நியாயம் சில வேளைகளில் அளவுக்கு மீறிப் புலப்பட்டுவிடுகிறது.

1946 ஜனவரியில் சென்னைக்கு வந்த காந்தி, மருத்துவமனையில் நோயுற்றிருந்த சாஸ்திரியைச் சென்று பார்த்தார். அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று சாஸ்திரி மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி வந்தது. அவர் பேசித் தடுத்த ஒதுக்கல், 1950இல் சட்டமாகவே திரும்பி வந்தது. அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா? அவர் பெற்றுத்தந்த இருபதாண்டு அவகாசத்தில் வேலையைக் காத்துக்கொண்ட குடும்பங்களும், பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பேச்சுவார்த்தையாளர் பெற்றுத்தருவது பெரும்பாலும் அவகாசம்தான். ஆனால், பிடிபட்டவருக்கு அவகாசமே உயிர்.

பேச்சுக்கு விலை உண்டு என்பதையும் நான் மறக்கவில்லை. 1999 டிசம்பரில் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட இந்திய விமானத்தின் பயணிகளுக்காக மூன்று பயங்கரவாதிகள் விடுவிக்கப்பட்டனர். அதன் விளைவை நாடு இன்றும் சுமக்கிறது. 2014இல் செவிலியர்கள் மீண்ட அதே இராக்கில், மோசூலில் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் உயிரோடு திரும்பவில்லை. ஆனால், காந்தஹார் நாட்களில் நாம் நடந்துகொண்ட விதம் சிந்திக்கத்தக்கது. எதைக் கொடுத்தாவது மீட்டுவாருங்கள் என்று அந்த ஒரு வாரம் முழுவதும் அரசை நெருக்கினோம். பயணிகள் வீடு சேர்ந்ததும், ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டோம். கமாண்டோவை அனுப்பியிருக்கலாமே என்று இன்றும் பேசுகிறோம். உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் அதில் பிழைத்திருப்பார்கள் என்று கணக்கிடுவதில்லை. திரைப்படத்தில் குண்டு பணயக்கைதிமீது படுவதில்லை. மாஸ்கோ நாடக அரங்கில் 2002இல் மீட்பு நடவடிக்கையின்போதே நூற்றுக்கும் மேற்பட்ட பணயக்கைதிகள் இறந்தார்கள்.

வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக்காவடித் திருவிழா நடக்கும். கொடிய நோயிலிருந்து மீண்டவர்கள், நேர்ந்துகொண்டபடி பாடையில் படுத்து, உறவினர் சுமக்கக் கோயிலைச் சுற்றி வந்து எழுவார்கள். அங்கே கூடும் கூட்டத்தின் கண்ணெல்லாம், எழுந்து நிற்கும் அந்த மனிதர்மீதுதான் இருக்கும். மீட்பு என்பதன் அளவுகோலும் அதுவாகவே இருக்க வேண்டும். எப்படி மீட்டார்கள் என்பது சுவையான கதை. எத்தனை பேர் எழுந்து வந்தார்கள் என்பதே கணக்கு. நம் பிள்ளைகள் இன்றும் வளைகுடாவுக்கும் கடலுக்கும் பிழைப்புத் தேடிச் செல்கிறார்கள். அடுத்த முறை அவர்களில் ஒருவர் எங்கோ பிடிபட்டால், படை எப்போது புறப்படும் என்று கேட்பதற்கு முன், பேசச் சென்றிருப்பவருக்கு அவகாசம் கொடுப்போம். அவர் திரும்பி வந்த பிறகு, என்ன விலை கொடுத்தீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்கு முன்பு ஒரு நன்றியையும் சொல்ல வேண்டும்.