இரும்பை இணைத்த நிக்கலாய் பெனார்டோஸ்

மாலை வேளையில் தோட்டத்துப் பட்டறைப் பக்கம் நடந்து செல்லும்போது, நீல நிற ஒளியொன்று பளீரென மின்னி மறைவதைக் கண்டிருப்பீர்கள். ஒடிந்துபோன டிராக்டர் உறுப்பையோ விரிசல் கண்ட இரும்புக் கதவையோ, கருங்கண்ணாடி பதித்த முகமூடியை ஏந்தியபடி ஒருவர் பற்றவைத்துக்கொண்டிருப்பார். அந்த ஒளியை நேராகப் பார்க்காதே என்று பெற்றோர் அதட்டுவர். அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. அவ்வொளி கண்ணைப் புண்ணாக்கிவிடும். அதே ஒளியின் வெப்பத்தால் இரும்போடு இரும்பை உருக்கி ஒட்டலாம் என்று உலகிற்குக் காட்டியவர்களுள் முன்னணியில் நிற்பவர் நிக்கலாய் பெனார்டோஸ் ஆவார். அதற்கு வேண்டிய மின்சாரத்தை அவர் பேட்டரிகளில் சேமித்து வைத்துப் பயன்படுத்தினார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

பெனார்டோஸ் 1842ஆம் ஆண்டு அன்றைய ரஷ்யப் பேரரசின் தென்பகுதியில் பிறந்தார். அவ்வூர் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. அவருடைய குடும்பம் கிரேக்க வழிவந்த படைவீரர் குடும்பம்; பாட்டனார் படைத்தளபதியாக விளங்கியவர். ஆயினும் சிறுவன் நிக்கலாயின் மனம் வாளையும் குதிரையையும் நாடவில்லை. சுத்தியலும் அரமும் இருக்கும் இடத்தையே நாடிற்று. 1862இல் கீவ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதனை விட்டு, மாஸ்கோவிலிருந்த வேளாண்மைக் கழகத்தில் சேர்ந்தார். அதனையும் முடிக்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை! எனினும் கற்ற மருத்துவம் வீண்போகவில்லை. லூக் என்னும் சிற்றூரில் குடியேறியபோது, அவ்வூர் உழவர்களுக்கு அவர் வைத்தியம் பார்த்தார்.

லூக்கில் அவர் தமக்கென ஒரு பட்டறை அமைத்துக்கொண்டார். அங்கே அவர் செய்தவற்றுள் ஒன்று வேடிக்கையானது. அப்பகுதி ஆறுகளில் மணல் திட்டுகள் மிகுதி. படகுகள் அடிக்கடி தரைதட்டி நின்றுவிடும். பெனார்டோஸ் உருளைகள் பொருத்திய ஒரு நீராவிப் படகைக் கட்டினார். திட்டு வந்தால் அது உருண்டு கடந்துவிடும். அணை குறுக்கிட்டால் கரையில் தண்டவாளம் இட்டு இழுத்துச் செல்லலாம். 1877இல் அதனை ஓட்டியும் காட்டினார். ஆனால் அதனை வாங்கி நடத்த எவரும் முன்வரவில்லை. கைப்பொருள் கரைந்ததுதான் மிச்சம். அவர் வாழ்வில் இது பலமுறை நிகழ்ந்தது.

அக்காலத்தில் மின்விளக்கு புதுமையாக இருந்தது. யாப்லொச்கோவ் என்னும் ரஷ்ய அறிஞர், இரண்டு கரிக்கோல்களுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து ஒளிவிடும் விளக்கை 1876இல் அமைத்துப் பாரிஸ் மாநகரத் தெருக்களையே பகலாக்கினார். இவ்வாறு இடைவெளியைத் தாண்டிப் பாயும் ஒளியை மின்வில் என்பர். அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1802இல், பெத்ரோவ் என்பவர் செம்பும் துத்தநாகமும் அடுக்கிய 2,100 இணைகள் கொண்ட மாபெரும் மின்கல அடுக்கைச் செய்து, மின்வில்லில் உலோகம் உருகுவதைக் கண்டிருந்தார். ஆயினும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அது ஆய்வுக்கூடத்து விந்தையாகவே இருந்துவிட்டது.

யாப்லொச்கோவின் நிறுவனத்தில் பணிபுரிந்த பெனார்டோஸ், 1881இல் மின்னியல் கண்காட்சி நடந்த பாரிஸ் நகருக்குச் சென்றார். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் மின்வில்லைக் கொண்டு உலோகத்தை இணைக்கும் முறையை உருவாக்கினார். அதே ஆண்டில் பிரான்சில் தெ மெரித்தான் என்பவர், பேட்டரிக்கு உரிய ஈயத் தகடுகளை மின்வில்லால் ஒட்டினார். எனவே முதன்மை யாருக்கு என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுவர். ஈயம் எளிதில் உருகும், இரும்பு அப்படியன்று. இரும்பை இணைக்கும் வேலையைப் பட்டறைத் தொழிலாக்கிய பெருமை பெனார்டோசுக்கே உரியது என்பது என் கருத்து.

அவருடைய முறை இதுதான். பேட்டரியின் ஒரு முனையை ஒட்ட வேண்டிய இரும்போடு இணைப்பார். மறுமுனையைக் கைப்பிடியில் பொருத்திய கரிக்கோலோடு இணைப்பார். கரிக்கோலால் இரும்பைத் தொட்டுச் சற்றே விலக்கியதும் மின்வில் தோன்றும். அந்த இடம் கணப்பொழுதில் உருகும். வேண்டுமானால் ஓர் இரும்புக் கம்பியையும் அதில் உருக்கிச் சேர்ப்பார். ஆறியதும் இரண்டும் ஒன்றாகிவிடும். கொல்லன் உலையில் முழு இரும்பையும் காய்ச்சி அடித்து ஒட்ட வேண்டும். இங்கோ உடைந்த இடத்தை மட்டும் உருக்கினால் போதும். பொருளைக் கழற்றி உலைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. கருவியே பொருளிடம் வருகிறது.

பேட்டரி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்து டைனமோக்கள் சிறியவை. மின்வில்லோ ஒரே நேரத்தில் மிகுந்த மின்சாரத்தை விழுங்கும். நம் வீட்டுக் கூரையிலிருந்து சொட்டும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்து வைத்தால், பிறகு ஒரே மூச்சில் குளிக்கலாம் அல்லவா? அதுபோலவே அவர் டைனமோ தந்த மின்சாரத்தை மணிக்கணக்கில் பேட்டரிகளில் சேர்த்து, சில நிமிடங்களில் செலவிட்டார். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலக் கரைசலில் அமிழ்த்திச் செய்யும் இவ்வகை பேட்டரியை 1859இல் பிளாந்தே என்னும் பிரெஞ்சுக்காரர் அமைத்திருந்தார். பெனார்டோஸ் தம் வேலைக்கு ஏற்ற பேட்டரிகளைத் தாமே வடிவமைத்துக்கொண்டார்.

தம் முறைக்கு அவர் எலெக்ட்ரோகெஃபெஸ்ட் எனப் பெயரிட்டார். கெஃபெஸ்ட் என்பது கிரேக்கரின் கொல்லர் தெய்வத்திற்கு ரஷ்ய மொழியில் வழங்கும் பெயர். ஓல்ஷெவ்ஸ்கி என்னும் போலந்துக்காரர் பணம் கொடுத்து உதவினார். 1885 முதல் 1887 வரை பிரான்ஸ், பிரிட்டன், ரஷ்யா, அமெரிக்கா முதலிய நாடுகளில் காப்புரிமை பெற்றனர். ரஷ்ய ரயில்வே பட்டறைகளில் பழுதுற்ற எஞ்சின் உறுப்புகள் இம்முறையால் உயிர்பெற்றன. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலும் குழாய் செய்யும் ஆலையொன்று இதனைக் கையாண்டது. சிறிது காலத்தில் ஸ்லாவியானோவ் என்னும் மற்றொரு ரஷ்யர், கரிக்கோலுக்குப் பதிலாக உலோகக் கோலையே உருகவிடும் முறையைக் கண்டார். இன்று நம் பட்டறைகளில் காண்பது பெரும்பாலும் அதன் வழிவந்த முறையே.

1892இல் ரஷ்யத் தொழில்நுட்பக் கழகம் பெனார்டோசுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1899இல் மின்பொறியாளர் என்னும் சிறப்புப் பட்டமும் கிடைத்தது. பட்டப்படிப்பை முடிக்காதவருக்குக் கிடைத்த பட்டம் அது! ஆனால் பதக்கம் கடனை அடைக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட புதுமைகளைப் படைத்தும், அவற்றின் ஊதியம் அவர் கைக்கு வந்து சேரவில்லை. லூக்கில் இருந்த நிலமும் கைவிட்டுப் போயிற்று. அதனினும் கொடியது வேறொன்று. ஆண்டுக்கணக்கில் பேட்டரியின் ஈயத்தோடு உழைத்ததால் ஈயத்தின் நஞ்சு அவர் உடலில் ஏறிவிட்டது. ஈயம் சிறிது சிறிதாக உடலில் தங்கி நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கும் என்பதை இன்று நாம் நன்கறிவோம். அன்று பட்டறையில் எவரும் கையுறையோ முகமூடியோ அணிந்து ஈயத்தைத் தொடவில்லை. நலிந்த உடலோடு கீவ் நகரின் அருகிலுள்ள ஃபாஸ்திவ் என்னும் ஊருக்குச் சென்று வாழ்ந்தார். அங்கேயே 1905ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், வறுமையில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 63.

மின்சாரக் கம்பிகள் ஊரெங்கும் பரவியபின் பற்றவைப்புக்குப் பேட்டரி தேவையற்றதாயிற்று. ஆயினும் கம்பி எட்டாத இடத்தில் அது மறக்கப்படவில்லை. சாலையற்ற காட்டுத் தடங்களிலும் பாலைவனங்களிலும் ஜீப் ஓட்டிச் செல்வோர், வண்டியின் வில்தாங்கியோ இரும்புச் சட்டமோ ஒடிந்தால், 12 வோல்ட் கார் பேட்டரிகள் இரண்டையோ மூன்றையோ வரிசையாக இணைத்து 24 அல்லது 36 வோல்ட் பெறுகின்றனர். தடித்த கம்பியும் பற்றவைப்புக் கோலும் இருந்தால், நடுக்காட்டிலேயே ஒடிந்ததை ஒட்டிவிடலாம். தோளில் தொங்கவிடத்தக்க லித்தியம் பேட்டரிக் கருவிகளும் இப்போது வந்துள்ளன. கார் பேட்டரியால் பற்றவைப்பது பெரியவர்களுக்கும் ஆபத்தான வேலை. பேட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறியிலேயே வெடிக்கக்கூடும். ஆகவே தேர்ந்தவர்கள் பேட்டரிகளை வண்டியிலிருந்து இறக்கிக் காற்றோட்டமான இடத்தில் தள்ளி வைப்பர். சில நிமிடங்கள் ஒட்டுவர், பேட்டரி சூடேறினால் நிறுத்துவர். வேலை முடிந்ததும் அவற்றை மீண்டும் வண்டியில் பொருத்துவர். வண்டி ஓட ஓட, செலவழிந்த மின்சாரம் மறுபடியும் அந்த ஈயத் தகடுகளில் வந்து சேரும்.