நிலாக் கடவுளின் கோயிலிலிருந்து விரட்டப்பட்டவர்

தான் எழுதியதற்குள் தன் பெயரையும் வைத்துவிட்டுப் போனவர்களில் நமக்குத் தெரிந்த முதல் ஆள் ஒரு பெண். பெயர் என்ஹெதுவன்னா. சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஈராக்கின் தெற்கே, நசிரியாவுக்கு அருகே இருந்த 'ஊர்' என்னும் நகரத்தில் வாழ்ந்தார். (நகரின் பெயரை வைத்து நம்மவர் பலர் கோட்டை கட்டியிருக்கிறார்கள். அது வெறும் ஒலி ஒற்றுமைதான்.)

தந்தை, அக்காத்தின் மன்னன் சார்கோன். சுமேரிய நகரங்களைப் போரில் வென்று, ஊர் நகரின் மதிலையும் இடித்தவன். வென்றவர்கள் பேசியது அக்காடிய மொழி, தோற்றவர்கள் பேசியது சுமேரியம். பிடித்த நகரத்தைப் படையால் மட்டும் வைத்திருக்க முடியாது என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்நகரின் காவல் தெய்வமான நிலாக் கடவுள் நன்னாவுக்குத் தலைமைப் பூசாரியாகத் தன் மகளையே அமர்த்தினான். என்ஹெதுவன்னா என்பதே பதவியோடு வந்த பெயர்தான்.

மெசப்பொத்தேமியாவில் கோயில் என்றால் கும்பிடும் இடம் மட்டுமல்ல. வயல், களஞ்சியம், மந்தை, பட்டறை எல்லாம் அதற்குச் சொந்தம். வேலை செய்தவர்களுக்குத் தானியமும் அங்கிருந்தே அளக்கப்பட்டது. தலைமைப் பூசாரி கடவுளின் மனைவியாக மதிக்கப்பட்டு, கிபாரு என்ற மனையில் வாழ்ந்தார். என்ஹெதுவன்னாவின் எழுத்தர், மேற்பார்வையாளர், சிகை அலங்கரிப்பவர் ஆகியோரின் முத்திரைகள்கூடக் கிடைத்திருக்கின்றன. வடக்கும் தெற்குமான கோயில்களைப் பாடும் 42 பாடல்களின் தொகுப்பு அவர் பெயரில் உண்டு. பேரரசு வாளால் இணைத்ததை அவர் பாட்டால் இணைத்தார்.

சார்கோனின் பேரன் நராம்-சின் காலத்தில் நகரங்கள் கிளர்ந்தன. ஊர் நகரில் லுகல்-அனே என்பவன் அதிகாரத்தைப் பிடித்து அவரை வெளியேற்றினான். 153 வரிகள் கொண்ட பாடல் ஒன்று அந்த நாட்களைச் சொல்கிறது. மணிமுடி பறிபோகிறது, முட்காட்டில் அலைகிறார். வாழ்நாள் முழுக்கப் பணிசெய்த நன்னாவிடம் முறையிட்டும் பதில் இல்லை. கடவுளின் அந்த மௌனத்தை அவர் மறைக்கவில்லை. பிறகு நன்னாவின் மகள் இனன்னாவிடம் திரும்புகிறார். அக்காடியர் இஷ்தார் என்று வணங்கிய இந்தத் தெய்வம் காதலுக்கும் போருக்கும் உரியவள். நகரங்களை அழிப்பவளும் அவளே. முடிவில் மனம் இரங்குகிறாள். என்ஹெதுவன்னா கோயிலுக்குத் திரும்புகிறார்.

இடம்பெயர்ந்த ஒருவரின் குரலாக இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கும். ஆனால் அவர் மதிலை இடித்தவனின் மகள். அந்நகரத்தவர் சிலருக்கேனும் லுகல்-அனே விடுதலை கொண்டுவந்தவனாகத் தெரிந்திருக்கலாம். அவர்கள் பக்கத்திலிருந்து இப்படியொரு பாடல் நம் கைக்கு வரவில்லை.

நமக்குக் கிடைத்துள்ள களிமண் பலகைகள் பல நூற்றாண்டுகள் கழித்துப் பிரதி செய்யப்பட்டவை. அதனால் பாடல்கள் உண்மையில் அவருடையவையா என்று ஐயப்படும் ஆய்வாளர்கள் உண்டு. அவர் வாழ்ந்ததில் ஐயமில்லை. 1927இல் லெனார்ட் வூலியின் குழு அகழ்ந்தபோது, கல் வட்டு ஒன்று உடைந்த நிலையில் கிபாருவில் கிடைத்தது. முன்புறத்தில் ஒருவர் நீர்மப் படையல் ஊற்ற, பின்னால் அடுக்கடுக்கான ஆடையில் என்ஹெதுவன்னா நிற்கிறார். பின்புறத்தில் அவர் பெயரும் சார்கோனின் மகள் என்ற குறிப்பும் இருக்கின்றன. வட்டு இப்போது அமெரிக்காவில், பிலடெல்பியாவின் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.