கல்லையும் கடவுளையும் கைவிடாதவர்

(பி.எஸ்ஸி. நிலவியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

எங்கள் வீட்டுப் பூசையறையில் ஒரு சாளக்கிராமம் உண்டு. பாட்டி நாள்தோறும் அதற்குத் துளசி சாத்துவார். நான் இக்கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டு, நம் துறையின் ஆய்வுக்கூடத்தில் அதே சுருள் வடிவுடைய கல்லொன்றைக் கண்டு திடுக்கிட்டேன். அம்மோனைட் என்னும் கடலுயிரின் புதைபடிவம் அது என்றார் ஆசிரியர். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களும் அத்தகையவையே. 10 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. வீட்டில் ஒரு மனம், கல்லூரியில் ஒரு மனம் என்று வாழ வேண்டுமோ எனக் கலங்கினேன். அதைக் கேட்ட ஆசிரியர், பிரெஞ்சு நாட்டுத் துறவி ஒருவரின் வரலாற்றைப் படிக்கச் சொன்னார். அவரே பியர் தெயார் த ஷார்தான்.

அணைந்த எரிமலைகள் நிறைந்த ஓவெர்ன் பகுதியில் 1881 மே 1 அன்று அவர் பிறந்தார். அன்னையிடம் பக்தியையும், தந்தையிடம் இயற்கை ஆர்வத்தையும் பெற்றார். சிறுவயதில் இரும்புத் துண்டுகளை அழியாப் பொருளென எண்ணிச் சேர்த்து வைத்தாராம். இரும்பும் துருப்பிடிக்கும் எனக் கண்டபோது அழுதாராம். பிறகுதான் அவர் மனம் கற்களை நாடியது.

1899-இல் இயேசு சபையில் சேர்ந்தார், 1911-இல் குருவானார். 1913-இல் இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னுமிடத்தில், தொல்மனிதனுடையது எனக் கருதப்பட்ட பல்லொன்றைக் கண்டெடுத்தார். அங்குக் கிடைத்தவை யாவும் மோசடி என்பது 1953-இல் வெளிப்பட்டது. அறிவியலும் ஏமாறும், ஆனால் தன் பிழையைத் தானே தேடித் திருத்திக்கொள்ளும் என்பதற்கு இது சான்றன்றோ? முதல் உலகப் போரில் காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்த அவர், 1922-இல் பாரிசில் முனைவர் பட்டம் பெற்றார்.

சோதனை அப்போதுதான் தொடங்கியது. மனித இனம் படிப்படியாகத் தோன்றியதென்றால், ஒரே ஆதாமின் ஆதிப்பாவத்தை எவ்வாறு புரிந்துகொள்வது? இதைப் பற்றி அவர் எழுதிய குறிப்பொன்று உரோமாபுரியை எட்டியது. பாரிசில் கற்பிக்கும் பணியை இழந்தார். சபையை விட்டு விலகும்படி நண்பர் சிலர் கூறியும் அவர் விலகவில்லை. கீழ்ப்படிந்து சீனாவுக்குச் சென்றார்.

தண்டனை போன்ற அப்பயணமே அவருக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. பீக்கிங் அருகே சௌகௌதியன் குகையில், 1929 டிசம்பரில் பெய் வென்சுங் என்னும் சீன அறிஞர் தொல்மனித மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தார். அக்குகையின் மண்ணடுக்குகளை ஆராய்ந்தவர்களுள் தெயார் முக்கியமானவர். பல லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதன் அவன். பகலெல்லாம் அந்த மண்ணை ஆராய்ந்தவர், திருப்பலியையும் செபத்தையும் விட்டவரல்லர். 1935-இல் நம் நாட்டு நருமதைப் பள்ளத்தாக்கிலும் அவர் ஆய்வு செய்தார்.

படைப்பு ஒரு நாளில் முடிந்த வேலையன்று. பருப்பொருளிலிருந்து உயிராகவும், உயிரிலிருந்து சிந்தனையாகவும் வளர்ந்து இறைவனை நோக்கிச் செல்வது என்பது அவர் கண்ட முடிவு. 1940-இல் எழுதி முடித்த அவருடைய முதன்மை நூலை வெளியிடச் சபை இசையவில்லை. 1948-இல் உரோமாபுரிக்கே சென்று வேண்டியும் பயனில்லை. 1955 ஏப்ரல் 10, உயிர்ப்புப் பெருவிழா நாளில் நியூயார்க்கில் உயிர் நீத்தார். அந்நூல் அவ்வாண்டே பாரிசில் வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை!

கடவுள் மறுப்பாளரான ஜூலியன் ஹக்ஸ்லி அதன் ஆங்கிலப் பெயர்ப்புக்கு முன்னுரை வழங்கினார். உயிரியல் அறிஞர் பீட்டர் மெடவாரோ அதைக் கடுமையாகச் சாடினார். திருச்சபையும் 1962-இல் அவர் நூல்களைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. இரு தரப்பாரின் கண்டனத்துக்கும் உள்ளானவர் அவர்.

அவர் முடிவுகள் யாவற்றையும் நான் ஏற்கவில்லை. பரிணாமம் ஓர் இலக்கை நோக்கிச் செல்வதாக நான் கற்ற பாடங்கள் கூறவில்லை. ஆயினும் சான்றைக் கண்டு அஞ்சும் நம்பிக்கை நம்பிக்கையன்று என்பதை அவர் வாழ்க்கை எனக்கு உணர்த்தியது. நம்பிக்கைக்காகச் சான்றை அவர் மறைக்கவில்லை. சான்றைக் காட்டி நம்பிக்கையை எள்ளவும் இல்லை. அதற்குரிய விலையையும் தாமே கொடுத்தார்.

சென்ற விடுமுறையில் சாளக்கிராமத்தின் வயதைப் பாட்டியிடம் சொன்னேன். 10 கோடி ஆண்டு என்றால் எவ்வளவு என்று கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. அவர் வழக்கம்போல் துளசி சாத்தினார். நானும் அருகில் நின்றேன், முன்போல் கலக்கமின்றி.